"இதான் தலையோட கடைசி மேட்ச், கன்ஃபார்ம்"னு எவனாவது சொன்னா என்ன பண்ணணும்: கிரிக்கெட் நியூஸ் படிச்சு கருத்து சொல்றது எப்படி

2023 மே 14, ஞாயித்துக்கிழமை, சேப்பாக்கத்துல சிஎஸ்கேக்கும் (சென்னை) கேகேஆருக்கும் (கொல்கத்தா) ஐபிஎல் மேட்ச். அதுக்கு முந்தின ஒரு வாரமா என் போன்ல வந்ததெல்லாம் ஒரே நியூஸ்தான், தோனி சேப்பாக்கத்துல ஆடப்போற கடைசி மேட்ச் இதுதான், உள்ளுக்குள்ள முடிவாயிடுச்சு, நெருக்கமானவங்களே சொல்லிட்டாங்கன்னு. நான் என்ன பண்ணேன்? 1,500 ரூபா டிக்கெட்ட பிளாக்ல 6,000 குடுத்து வாங்கிட்டு போனேன். மேட்ச் தோத்தோம். ஆனா முடிஞ்சதும் தலை, அதான் நம்ம தோனி, முட்டியில பட்டையோட கிரவுண்ட சுத்தி வந்தாரு, டென்னிஸ் ராக்கெட்ட வச்சு கூட்டத்துக்குள்ள பால் அடிச்சாரு, காவஸ்கர் ஓடி வந்து சட்டையில ஆட்டோகிராஃப் வாங்கினாரு. எனக்கு கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. சரி, 6,000 போனா போகட்டும், வரலாற்ற பாத்துட்டோம்னு வீட்டுக்கு வந்தேன்.

ஒம்பது நாள் கழிச்சு, மே 23, அதே சேப்பாக்கத்துல குவாலிஃபையர் 1, ஃபைனலுக்கு முந்தின கட்ட மேட்ச். தலை கிளவுஸ மாட்டிக்கிட்டு ஸ்டம்புக்கு பின்னாடி நிக்கறாரு. அடுத்த வருஷமும் நின்னாரு, அதுக்கு அடுத்த வருஷமும் நின்னாரு. இதுல பெரிய காமெடி என்னன்னா அந்த வருஷ குவாலிஃபையர் 1-ம் எலிமினேட்டரும் சென்னையிலதான்னு ஏப்ரல் மாசமே அறிவிச்சிருந்தாங்க, நம்ம டீம் அப்ப டேபிள்ல மேலதான் இருந்துச்சு, அதையாவது பாத்திருந்தா "கடைசி மேட்ச்"ங்கற பேச்சு எவ்ளோ ஓட்டைன்னு தெரிஞ்சிருக்கும். பாக்கல.

அந்த 6,000 ரூபா கத்துக்குடுத்ததத்தான் இங்க எழுதறேன். கிரிக்கெட் நியூஸ எப்படி படிக்கறது, எதுக்கு டென்ஷன் ஆகணும், எதுக்கு ஆகக்கூடாது, ஒரு ஸ்டார் ப்ளேயர பத்தி குரூப்ல வாய விடறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு. நான் சிஎஸ்கே ஃபேன், அதனால உதாரணமெல்லாம் மஞ்சளாதான் இருக்கும், மத்த டீம் ஆளுங்க பொறுத்துக்கோங்க.

முதல்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு. இந்த விஷயம் உண்மைன்னா, இது எத்தன பேருக்கு தெரிஞ்சிருக்கணும்? நியூஸ் எந்த சேனல்ல வந்துச்சு, எத்தன லைக், யாரு ஷேர் பண்ணா, இதெல்லாம் அப்புறம்.

ரிட்டயர்மென்ட எடுத்துக்கோங்க. அது ஒருத்தர் மண்டைக்குள்ள இருக்கற முடிவு. 2014 டிசம்பர் 30, ஆஸ்திரேலியா சீரிஸ் பாதியில மெல்போர்ன் டெஸ்ட் முடிஞ்ச கையோட தோனி டெஸ்ட்ட விட்டாரு, எவனுக்கும் முன்னாடி தெரியல. 2020 ஆகஸ்ட் 15, சாயங்காலம் இன்ஸ்டாகிராம்ல ஒரு போஸ்ட், 19:29 மணியிலேர்ந்து என்னை ஓய்வு பெற்றவனா நெனச்சுக்கோங்கன்னு, அவ்ளோதான், முடிஞ்சுது. அன்னிக்கு காலையில நியூஸ் போட்ட ஒருத்தன காட்டுங்க பாப்போம். அஷ்வின் மேட்டரும் அப்படித்தான், 2024 டிசம்பர் 18, பிரிஸ்பேன்ல மழையில டெஸ்ட் டிரா ஆகப்போவுது, டிரெஸ்ஸிங் ரூம்ல கோலி அஷ்வின கட்டிப்பிடிக்கறத டிவியில காட்டறாங்க, அத பாத்துதான் நமக்கே ஏதோ நடக்குதுன்னு பொறி தட்டுச்சு. 106 டெஸ்ட், 537 விக்கெட், ஒரு பிரஸ் மீட்ல கொஞ்ச நேரம் பேசிட்டு கிளம்பிட்டாரு. வருஷா வருஷம் தோனி ரிட்டயர்மென்ட்ட "பிரேக்கிங்"னு போட்ட ஒருத்தனும் இதுல எதையும் முன்கூட்டி சொல்லல.

அப்ப கோலி? 2025 மே 12 அன்னிக்கு டெஸ்ட்லேர்ந்து ஓய்வுன்னு போஸ்ட் போட்டாரு, ஆனா ரெண்டு நாள் முன்னாடியே நியூஸ் வந்துடுச்சேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அவரு கிரிக்கெட் போர்டு (பிசிசிஐ) கிட்ட முன்கூட்டியே பேசிட்டாரு, போர்டு ஆளுங்க யோசிக்க சொல்லி பேசினாங்க, ஆக அது ஒருத்தர் மண்டைய விட்டு வெளிய வந்து நாலஞ்சு போனுக்கு போயிடுச்சு. போனுக்கு போனா பேப்பருக்கும் போகும், அவ்ளோதான் கணக்கு. தோனி எவன் கிட்டயும் சொல்ல மாட்டாரு. 2020ல அபுதாபியில டாஸ் அப்ப, மஞ்சள் டிரெஸ்ல இதுதான் கடைசியான்னு கமென்டேட்டர் டேனி மாரிசன் கேட்டப்ப "டெஃபனட்லி நாட்"னு ரெண்டே வார்த்தையில முடிச்சாரு. 2021ல சென்னையில நடந்த விழாவுல, என் கடைசி டி20 சென்னையிலதான் இருக்கும்னு நம்பறேன், அது அடுத்த வருஷமா இருக்கலாம் அஞ்சு வருஷம் கழிச்சும் இருக்கலாம்ங்கற மாதிரி சொன்னாரு. இத வச்சு ஒருத்தன் தேதியோட நியூஸ் போடறான்னா அவன் கற்பனைக்கு சம்பளம் வாங்கறான்னு அர்த்தம்.

இப்ப அப்படியே திருப்பி ட்ரேட் நியூஸுக்கு வாங்க. ட்ரேட்ங்கறது, அதாவது ரெண்டு டீம் தங்களுக்குள்ள ப்ளேயர மாத்திக்கறது, கல்யாண பேச்சு மாதிரி, ரெண்டு வீட்டுக்காரங்க, பொண்ணு, மாப்பிள்ளை, நடுவுல புரோக்கர், எல்லாரும் ஒத்துக்கணும். ரெண்டு டீம் ஓனர், கோச், அனலிஸ்ட், ப்ளேயரோட மேனேஜர், ப்ளேயரோட சம்மதம், கடைசியில பிசிசிஐ ஓகே. இத்தன பேரு சம்பந்தப்பட்டா ரகசியம் தங்கவே தங்காது. அதனால ட்ரேட் நியூஸ் கசிஞ்சா அத சிரிச்சுட்டு ஒதுக்காதீங்க, முக்கால்வாசி ஏதோ ஒரு பேச்சுவார்த்தை நிஜமாவே ஓடிக்கிட்டிருக்கும், அது முடியுமா முடியாதாங்கறது வேற விஷயம்.

இதுலயும் நான் அடி வாங்கினவன்தான். 2025 நவம்பர்ல ஜடேஜா ராஜஸ்தானுக்கு போறாரு, சஞ்சு சாம்சன் நம்ம டீமுக்கு வர்றாருன்னு நியூஸ் வந்தப்ப, ஏற்கனவே தோனி நியூஸ்ல ஏமாந்த திமிரு எனக்கு, எங்க ஃபேமிலி குரூப்ல திண்டுக்கல் மாமா ஷேர் பண்ணதுக்கு "மாமா, சும்மா கிளப்பி விடறானுங்க, ஜட்டுவ எவனாச்சும் விடுவானா"ன்னு போட்டேன். நவம்பர் 15 அறிவிப்பு வந்துடுச்சு. சஞ்சு 18 கோடிக்கு இங்க, ஜடேஜா 18லேர்ந்து 14 கோடிக்கு குறைஞ்சு அங்க, கூடவே சாம் கரனும் போயிட்டாரு. மாமா என் மெசேஜ ஸ்கிரீன்ஷாட் எடுத்து போட்டு "என்ன மாப்ள, விட்டுட்டானுங்களே"ன்னு கேட்டாரு. அன்னிக்கு நான் போன ஆஃப் பண்ணி வச்சுட்டேன், வெக்கம் பாதி, துக்கம் பாதி. அகமதாபாத்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து, மோகித் சர்மா போட்ட கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சு 2023 கப்ப வாங்கிக்குடுத்த மனுசன்யா அது. தோனிக்கு அப்புறம் கீப்பர் வேணும், டாப் ஆர்டர்ல அடிக்கற ஆளு வேணும், சஞ்சு ரெண்டுக்கும் சரியான ஆளு, எல்லாம் புரியுது, இப்பவும் மனசு ஒத்துக்க மாட்டேங்குது.

காயம் பத்தின நியூஸ் இந்த ரெண்டுக்கும் நடுவுல. அங்க விஷயம் தெரிஞ்சவங்க பத்து பேராவது இருப்பாங்க, ஆனா எதிர் டீமுக்கு தெரியக்கூடாதுன்னு எல்லாரும் வாய மூடிக்குவாங்க. "சின்ன நிகில்"னு, அதாவது லேசான வலின்னு, சொன்னா நம்பாதீங்க, அந்த வார்த்தைக்கு ரெண்டு நாள்லேர்ந்து ரெண்டு மாசம் வரைக்கும் அர்த்தம் இருக்கு. 2023 சீசன் முழுக்க தோனி முட்டிய இழுத்து இழுத்து நடந்தாரு, கப்பு வாங்கின கையோட மும்பை போயி ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு.

இப்ப நியூஸ கையில எடுத்து வார்த்தை வார்த்தையா பாப்போம். வழக்கமா இப்படித்தான் வரும்: "சிஎஸ்கே அணி வட்டாரங்கள் தெரிவித்துள்ள தகவலின்படி, நட்சத்திர வீரர் விலக வாய்ப்புள்ளதாக கூறப்படுகிறது. ரசிகர்கள் அதிர்ச்சி." எண்ணிப்பாருங்க. "வட்டாரம்"னா பேர் இல்லாத ஆளு. "வாய்ப்புள்ளதாக"ன்னா நடக்கலன்னாலும் நான் பொய் சொல்லலன்னு தப்பிச்சுக்கலாம். "கூறப்படுகிறது"ன்னா யாரு கூறுனா? யாரும் இல்ல. "ரசிகர்கள் அதிர்ச்சி"ன்னு போடறப்ப எந்த ரசிகனுக்கும் அந்த நியூஸ் இன்னும் தெரியவே தெரியாது, அத படிச்சப்புறம்தான் அதிர்ச்சியே ஆகணும். நாலு எடத்துல கதவ தொறந்து வச்சுட்டு எழுதின நியூஸ் இது. இதே நியூஸ்ல "பயிற்சியாளர் ஃபிளெமிங் செய்தியாளர் சந்திப்பில் சொன்னார்"னு இருந்தா அப்ப படிங்க, அதுவும் அவரு என்ன கேள்விக்கு அந்த பதில சொன்னாருன்னு சேத்து படிங்க, ஏன்னா பாதி தலைப்பு கேள்விய வெட்டிட்டு பதில மட்டும் போட்டு செஞ்சதுதான். யூட்யூப் தம்ப்னெயில்ல தலை தலையில கைய வச்சுக்கிட்டு இருப்பாரு, சிவப்பு அம்புக்குறி, "கதறிய தோனி"ன்னு. பன்னெண்டு நிமிஷ வீடியோவுல எட்டாவது நிமிஷம் வரைக்கும் மேட்டருக்கே வர மாட்டான். நான் நேரா கமென்ட்டுக்கு போயிடுவேன், எவனாவது நல்லவன் "ஒண்ணும் இல்ல, டைம் வேஸ்ட்"னு போட்டிருப்பான்.

அடுத்து காசு. ஏலத்துல ஒரு ஆளு 27 கோடிக்கு போனா உடனே "ஒரு ரன்னுக்கு எவ்ளோ ஆவுது"ன்னு கால்குலேட்டர எடுத்துட்டு வர்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. 2024 நவம்பர், ஜெட்டாவுல ரிஷப் பந்த் ஏலம் எப்படி போச்சுன்னு ஞாபகப்படுத்திக்கோங்க. லக்னோ 20.75 கோடிக்கு வந்து நிக்குது. பழைய டீம் டெல்லி ஆர்டிஎம் கார்ட தூக்குது, அதாவது அதே காசுக்கு நாங்களே எடுத்துக்கறோம்னு. அப்ப லக்னோவுக்கு கடைசியா ஒருதரம் ரேட் ஏத்த உரிமை உண்டு. அவங்க ஒரே தாவா 27க்கு தாவினாங்க, டெல்லி வேணாம்னுட்டாங்க. அந்த கடைசி 6.25 கோடி பந்தோட பேட்டிங்குக்கு குடுத்த விலை இல்ல, டெல்லி வாய அடைக்க குடுத்தது. அத தூக்கி பந்த் தலையில வச்சு சீசன் பூரா திட்டினா எப்படி? அவரு அந்த சீசன் சுமாராதான் ஆடினாரு, 269 ரன், அதுல ஒரு செஞ்சுரியும் கடைசி மேட்ச்ல வந்ததுதான், அதுக்கு திட்டுங்க, நானும் வர்றேன்.

இன்னொண்ணு, தலைப்புல இருக்கற தொகை முழுசா அந்த ஆளு பைக்குத்தான் போவுதுன்னு நெனக்காதீங்க. 2025 டிசம்பர் மினி ஏலத்துல கேமரன் கிரீன கேகேஆர் 25.20 கோடிக்கு எடுத்தாங்க, ஆனா மினி ஏலத்துல வெளிநாட்டு ப்ளேயருக்கு 18 கோடிதான் உச்சம்னு ரூல், மீதி பிசிசிஐக்கு போயி ப்ளேயர்ஸ் நல நிதியில சேருது. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இது தெரியாம டீ குடிக்கற நேரம் முழுக்க ஆஸ்திரேலியாக்காரன் நம்ம காச அள்ளிட்டு போறான்னு பேசிக்கிட்டிருந்தாரு.

சரி, புள்ளிவிவரம். இங்கதான் நல்ல நல்ல ஆளுங்களே ஏமாறுவாங்க, ஏன்னா நம்பர் பொய் சொல்லாதுன்னு ஒரு நம்பிக்கை. 2024 சீசன்ல தோனி ஸ்ட்ரைக் ரேட், அதாவது நூறு பந்துக்கு எத்தன ரன்ங்கற கணக்கு, 220 சொச்சம். மஞ்சள் ஃபேன் இத வச்சு "42 வயசுலயும் பாரு"ன்னு ஸ்டேட்டஸ் வைப்பான். அதே சீசன்ல தோனி மொத்தம் அடிச்சது 161 ரன். வேற டீம்காரன் இத வச்சு "ஒரு சீசனுக்கு 161ஆ"ன்னு சிரிப்பான். ரெண்டும் அதே 73 பந்துலேர்ந்து வந்ததுதான். பதினொரு இன்னிங்ஸ்ல 73 பந்துன்னா ஒரு மேட்ச்சுக்கு ஏழு பந்து கூட இல்ல. அப்ப பேச வேண்டியது அவரு நல்லா அடிக்கறாரா இல்லயாங்கறதே இல்ல, ஏன் ஏழு பந்துக்குத்தான் வர்றாரு, முட்டி தாங்கலயா, அந்த ஏழு பந்து டீமுக்கு போதுமாங்கறது. அதே சீசன்ல மும்பை வான்கடேல ஹர்திக் போட்ட கடைசி ஓவர்ல வந்து வரிசையா மூணு சிக்ஸ், நாலு பந்துல 20 ரன், நாம ஜெயிச்சதும் சரியா 20 ரன் வித்தியாசத்துல. அன்னிக்கு ஏழு பந்து கூட தேவைப்படல, நாலே போதும்.

ஆனா அடுத்த வருஷம் மார்ச் 28, சேப்பாக்கத்துல ஆர்சிபி (பெங்களூரு) கூட. தோனி 16 பந்துல 30 நாட் அவுட், ரெண்டு சிக்ஸ், கூட்டம் ஆடித்தீக்குது. ஸ்கோர்கார்ட மட்டும் பாத்தா சூப்பர். அவரு எறங்குனது ஒம்பதாவது ஆளா, அஷ்வினுக்கும் கீழ, அவரு வர்றப்பவே மேட்ச் செத்துப்போச்சு. 50 ரன்ல தோத்தோம், 2008க்கு அப்புறம் ஆர்சிபி சேப்பாக்கத்துல நம்மள ஜெயிச்சது அன்னிக்குத்தான். பக்கத்து சீட்டு பையன் "தல மாஸ்"னு கத்தறான், எனக்கு அவன அப்படியே தூக்கி மெரினா பக்கம் போடணும் போல இருந்துச்சு, ஆனா நானும்தான் அந்த சிக்ஸுக்கு எந்திரிச்சு நின்னு கத்துனேன், அத மறைக்க முடியாது. ஆக ஒரு நம்பர் பாத்தா கூடவே மூணு விஷயம் தேடுங்க: எத்தன பந்து, எந்த ஓவர்ல, அப்ப மேட்ச் உயிரோட இருந்துச்சா.

இதே மாதிரி 2025 இங்கிலாந்து சீரிஸ். பும்ரா மூணு டெஸ்ட்தான் ஆடுவாருன்னு சீரிஸுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க, ஆடினாரு. இந்தியா ஜெயிச்ச ரெண்டு டெஸ்ட், எட்ஜ்பாஸ்டனும் ஓவலும், ரெண்டுலயும் அவரு இல்ல. உடனே "பும்ரா இல்லன்னாதான் ஜெயிக்கறோம்"னு ஒரு அறிவாளி கூட்டம் கெளம்புச்சு. அந்த மூணு டெஸ்ட்ல மனுசன் ரெண்டு தடவ அஞ்சு விக்கெட் எடுத்திருக்காரு, அவரு முதுகு ஏற்கனவே எத்தன தடவ படுத்துச்சுன்னு ஊருக்கே தெரியும். சிராஜ் அஞ்சு டெஸ்ட்டும் ஓடி ஓடி பவுலிங் போட்டு 23 விக்கெட் எடுத்தாரு, ஓவல்ல 6 ரன்ல ஜெயிக்க வச்சாரு, அவர தலையில தூக்கி வச்சு ஆடுங்க, ஆடணும். அதுக்காக இன்னொருத்தன கீழ போட்டு மிதிக்கணும்னு எந்த ரூல்ல இருக்கு?

திட்டறதுக்கும் ஒரு முறை இருக்கு. ஷாட்ட திட்டுங்க, கேப்டன்சிய திட்டுங்க, டீம் செலக்‌ஷன கிழிங்க, அது ரசிகனோட பொறப்புரிமை. ப்ளேயரோட பொண்டாட்டி போட்டோவுக்கு கீழ போயி எழுதறவன பிளாக் பண்ணுங்க, அவன் சொந்தக்காரனா இருந்தாலும். 2022 ஆசியா கப்புல அர்ஷ்தீப் ஒரு கேட்ச் விட்டதுக்கு விக்கிபீடியா பக்கத்தயே மாத்தி எழுதி அசிங்கப்படுத்துனானுங்க. 2024 டி20 உலகக்கோப்பையில 17 விக்கெட்டோட டாப்ல வந்து நின்னவரு அதே ஆளுதான்.

இதுல நானும் யோக்கியன் இல்ல, சொல்லிடறேன். ஹர்திக் குஜராத்த விட்டுட்டு மும்பைக்கு வந்து ரோஹித் எடத்துல கேப்டன் ஆனப்ப, எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, நான் சென்னை ஃபேன், ஆனா ஊரே திட்டுதேன்னு நானும் சேந்து திட்டுனேன். சொந்த கிரவுண்டு வான்கடேலயே அவர கேலி பண்ணி "பூ"ன்னு கத்துனாங்க, அத பாத்து மீம் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். 2024 ஜூன் 29, பார்படோஸ், டி20 உலகக்கோப்பை ஃபைனல், கடைசி ஓவர்ல எதிர் டீமுக்கு 16 ரன் வேணும், பந்து ஹர்திக் கையில. முதல் பந்துல மில்லர் தூக்கி அடிச்சத பவுண்டரி ஓரத்துல சூர்யகுமார் புடிச்சாரு, 7 ரன்ல ஜெயிச்சோம். ஹர்திக் அழறாரு, எங்க வீட்டு ஹால்ல நான் அழறேன், எங்க அம்மா "இந்தப் பையனத்தானடா மூணு மாசமா திட்டிக்கிட்டிருந்த"ன்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது, தண்ணி குடிக்கற மாதிரி கிச்சனுக்குள்ள போயிட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வச்சிருக்கேன், இத மட்டும் கட்டாயம் செஞ்சு பாருங்க. போன்ல நோட்ஸ தொறந்து, ஒரு ப்ளேயர பத்தியோ டீம பத்தியோ பெருசா ஒரு கருத்து தோணுனா குரூப்ல போடறதுக்கு முன்னாடி தேதி போட்டு அங்க எழுதிடறது. மூணு மாசம் கழிச்சு எடுத்து படிக்கறது. யாருக்கும் காட்ட வேணாம், குறிப்பா மாமாவுக்கு. என் நோட்ஸ்ல சரியா சொன்னதும் இருக்கு, சாய் சுதர்சன் ஆரஞ்சு கேப் (சீசன்லயே அதிக ரன் அடிக்கறவருக்கு குடுக்கறது) ரேஸ்ல இருப்பான்னு எழுதியிருந்தேன், 759 ரன் அடிச்சு வாங்கியே வந்துட்டான். அதுக்கு நேர் கீழ, அதே 2025 மார்ச் தேதியில, ஆச்சரியக்குறி மூணு போட்டு இன்னொண்ணு எழுதி வச்சிருக்கேன்: "இந்த வருஷம் சிஎஸ்கே டாப் 2 கன்ஃபார்ம்!!!" பத்தாவதா வந்தோம். மொத்தமே பத்து டீம்தான்.